ஈறுக்கு ஏது சாயம்

ஆம்பூரில் ஒருவருடைய உள்ளங்கையைப் பார்த்து ஜாதகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேலை செய்யும் டேனரியில் இந்த வாரம் எந்த நிறத் தோல் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தோலைச் சுழற்றிச் சாயம் போடும் டிரம்மில் வேலை செய்பவர்கள் கையுறை போட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர்கள் யாரும் ஈரத் தோலைத் தடவிப் பார்த்தவர்கள் அல்லர். பதம் விரலுக்குத்தான் தெரியும், ரப்பருக்குத் தெரியாது என்பார்கள் தொழிலாளர்கள். அதனால் டீக்கடையில் கையைப் பார்த்து, "இன்னா பாய், இந்த வாரம் காப்பிக் கலரா?" என்று கேட்பதுதான் எங்கள் ஊரில் நலம் விசாரிப்பது.

நானும் அப்படிக் கை பார்த்தே பழகியவள். தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும், எந்த மேசையில் எது எத்தனை நாள் தூங்கும், எந்தச் சொல்லைப் போட்டால் திடுக்கிட்டு விழிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மனிதனுக்குத் தனியாக வாழ இந்த அறிவு போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர், அவருடைய மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். வீட்டுக்காரர் ஒரு டேனரியில் சாயம் போடும் பிரிவில் மேஸ்திரி. நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். ஆய்வுக்கு வந்தவள் போகாமல் மாடியிலேயே தங்கிவிட்டது போல. அவர் மனைவிக்கு நான் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன்பு பாய் மெலிய ஆரம்பித்தார். கை கருத்தது. அது ஒன்றும் செய்தி இல்லை. பிறகு முகம் கருத்தது. கன்னம் ஒட்டியது. மாடிப்படியில் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து தருபவர், பாதியில் உட்கார்ந்து, "ரெண்டு நிமிஷம் மேடம், மூச்சு வாங்குது" என்றார். தெருவில் எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள்: கெமிக்கல். எனக்கும் அதே காரணம்தான். எனக்கு அதைச் சொல்லச் சட்டப் பிரிவும் தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். "டிரம்முல இருக்குறவன் கை வெள்ளையா இருந்தாத்தான் மேடம் டாக்டரைப் பாக்கணும்" என்று சிரித்தார். நான் விடவில்லை. வாணியம்பாடியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சும்மா போகவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு தயாரித்து, தட்டச்சு செய்து, கோப்பில் வைத்து எடுத்துப் போனேன். பொருள்: தொழில் காரணமாக ஏற்பட்ட தோல் நிறமாற்றம். கீழே எத்தனை வருட வேலை, எந்தெந்த ரசாயனம், கையுறை எப்போது கொடுத்தார்கள், எப்போது கிழிந்தது என்று பத்தி பத்தியாக. மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "நீங்க வக்கீலா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் கையை மட்டும் பார்த்து ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கையைப் பற்றித்தானே நான் எழுதியிருந்தேன்.

களிம்பு கேட்கவில்லை. அடுத்து கம்பெனிக்கு ஒரு மனு எழுதினேன், இவரைச் சாயப் பிரிவிலிருந்து மாற்ற வேண்டும் என்று. என் மனுக்களுக்கு ஒரு குணம் உண்டு. படிப்பவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. பத்தே நாளில் பாயைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். இருபது வருடம் டிரம் ஓட்டியவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினார். முகத்தில் களை போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேடம் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

பேக்கிங்குக்குப் போய் ஐந்து மாதம் ஆகியும் கை வெளுக்கவில்லை. இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் மனைவிக்கு உறைத்திருந்தது. ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்.

"அக்கா, அவரு முட்டியில பழைய தழும்பு ஒண்ணு இருக்குது இல்ல, சைக்கிள்ல வுழுந்தது. அதுகூடக் கருப்பாய்டுச்சு."

"டிரம் தண்ணி தெறிக்கும்மா. காலெல்லாம் படும்."

"இப்பதான் டிரம்முக்கே போறதில்லையே? அப்புறம் அக்கா, உப்பை அள்ளி அள்ளித் துன்றாரு. ஊறுகா பாட்டில் ஒரு வாரம் வரமாட்டேங்குது. நேத்து வெறும் உப்பைக் கையில கொட்டி நக்கிக்கினு நிக்கிறாரு. நான் பாத்ததும் புள்ளைங்க மாதிரி பின்னாடி மறைச்சிக்கினாரு."

"வேர்க்குது, உப்பு வெளிய போகுது. உடம்பு கேட்கும்."

"பேக்கிங்ல ஃபேன் இருக்குது அக்கா."

 ஈரத் துப்பட்டாவை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். நான் அன்று மாலையே இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தேன்: சாயத்தைப் பகுப்பாய்வுக்கு அனுப்பக் கோருதல். உப்பைப் பற்றியோ முட்டியைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. அவற்றை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. என் தொழிலில், எந்தப் பத்தியிலும் சேராத விஷயம் நடக்காத விஷயம்.

ரம்ஜான் வந்தது. பாய் நோன்பு பிடித்தார். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்பது அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெருமை. மூன்றாவது நோன்பு அன்று மத்தியானம் கீழேயிருந்து "அக்கா!" என்று ஒரு கத்தல். ஓடினேன். தொழுகையில் குனிந்தவர் எழுந்திருக்கும்போது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறார். விரிப்பின் மேலேயே கிடந்தார். உடம்பு சில்லென்றிருந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி என்று மனைவி அப்போதுதான் சொன்னாள். நோன்பு முறிந்துவிடுமோ என்று அவர் அவளைச் சொல்ல விடவில்லையாம்.

ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பணியில் இருந்தவர் ஒரு சின்னப் பெண் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு ஒரு நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். முதல் கருவி மீது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற ஏறப் பாய்க்குக் கண் திறந்தது. நான் கோப்போடு முன்னால் போய் நின்றேன். டாக்டர் அதை வாங்கி, கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"உடம்புல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. பிரஷர் இல்லவே இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. கொஞ்சம் தேறினதும் வேலூர் கூட்டிட்டுப் போங்க. ஹார்மோன் டாக்டரைப் பாக்கணும்."

பாய் படுத்தபடியே சொன்னார்: "எனக்கு இன்னா டாக்டர் ஹார்மோன்? மீசை நல்லாத்தானே இருக்குது?"

"மீசைக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான்" என்றார் அந்தப் பெண்.

எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஹார்மோன் என்றால் பெண்கள் சமாச்சாரம், இல்லாவிட்டால் தைராய்டு என்பதோடு என் அறிவு முடிந்துவிடும். ஆனாலும் பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை உரிய இடத்தில் சேர்ப்பது என் மதம்.

வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உள்ளூர்க்காரர்கள் போவது ஒரு தனி அவமானம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்களுக்கு எந்தக் கவுண்டர், எந்த மாடி, எந்த வரிசை எல்லாம் தெரிந்திருக்கிறது. எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு, கொல்கத்தாக்காரர் ஒருவர் சைகையால் வழி காட்டினார்: முதலில் அட்டை, பிறகு கட்டணம், பிறகு அந்தக் கதவு, இந்தக் கதவு இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். பாய் சக்கர நாற்காலியில் இருந்தார். மனைவி பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். நோன்பு வைத்துக்கொண்டுதான் தள்ளினாள்.

ஹார்மோன் பிரிவில் காத்திருந்தவர்களில் மெலிந்தவர், பருத்தவர், மிக உயரமானவர், வளராத பிள்ளை என்று எல்லா அளவிலும் இருந்தார்கள். எந்தச் சுரப்பி இவர்கள் ஒவ்வொருவரையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் என் பக்கம் சாய்ந்து, "மேடம், இது குணமாவற சமாச்சாரமா, இல்ல முடிஞ்சி போச்சா?" என்று கேட்டார். மனைவி கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகக் கேட்டார். அவள் கேட்டுவிட்டாள். நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.  கோப்பைத் திறந்து தாள்களை வரிசைப்படுத்தினேன். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

ஹார்மோன் டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் குறிப்பை நீட்டினேன். வாங்கினார், கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"அப்புறமா படிக்கிறேன்மா. முதல்ல அவரைப் பாத்துடுறேன்."

என் பணிக்காலத்தில் என் குறிப்பைக் கவிழ்த்து வைத்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் அதற்காக வருந்தினார்கள். இவர் வருந்தப் போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாயின் கையை எடுத்து ரேகைகளை விரித்துப் பார்த்தார். கோடுகள் மட்டும் மை ஊற்றியது போல இருந்தன. விரல் கணுக்களைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். லுங்கியை உயர்த்தச் சொல்லி முட்டித் தழும்பில் விரல் வைத்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, உதட்டை விலக்கினார்.

"பாய், டிரம் தண்ணியைக் குடிப்பீங்களா?"

"அய்யோ, இன்னா டாக்டர்! செத்துடுவேன்."

"அப்போ ஈறுக்கு ஏது சாயம்?"

எட்டிப் பார்த்தேன். ஈறில் கருநீலத் திட்டுகள், உதட்டின் உள்பக்கத்திலும். அந்த மனிதரோடு தினமும் பேசுகிறேன், சிரிக்கும்போது பார்க்கிறேன். கையைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

டாக்டர் மனைவியிடம் திரும்பினார். "வீட்ல என்னம்மா பாத்தீங்க? நீங்க சொல்லுங்க." அவள் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். உப்பு. ஊறுகாய். காலையில் எழுந்தால் தலைசுற்றல். சோறு பிடிக்காதது. பேக்கிங்குக்குப் போன பிறகும் கருத்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். என்னிடம் மாடியில் சொன்ன அதே சொற்கள். இங்கே அவை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

"முன்னாடி எப்பவாவது டி.பி. வந்துச்சா?"

பாய் யோசித்தார். "இருவத்தி ரெண்டு வயசுல. ஒம்பது மாசம் மாத்திரை துன்னேன். அது அப்பவே போய்ட்டுது டாக்டர்."

"போகும்போது எதையாவது கெடுத்துட்டுப் போயிருக்கலாம்."

சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன என்று விளக்கினார். உடம்புக்கு உப்பைப் பிடித்து வைப்பதும், காய்ச்சல், பட்டினி, அதிர்ச்சி என்று எது வந்தாலும் தாங்கிக்கொள்ள வைப்பதும் அவைதான். இவருக்கு அவை வேலையை நிறுத்திக்கொண்டே வருகின்றன. மேலேயிருந்து மூளை இன்னும் சுரக்கச் சொல்லிக் கத்துகிறது. அந்தக் கத்தலில்தான் தோல் கருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, ஓர் ஊசி போட்டு, மறுபடி எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். மாத்திரையில் சமாளிக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க.

பாய்க்கு விளங்கிவிட்டது. "நாங்க டிரம்முல தோலோட ஓரத்தை வெட்டிப் பார்ப்போம் டாக்டர், சாயம் உள்ள எறங்கிச்சான்னு. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. நீங்க வாயைத் தொறந்து பாக்குறீங்க."

அப்போதுதான் டாக்டர் என் குறிப்பைத் திருப்பினார். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இதை முதல்லயே படிச்சிருந்தா நானும் தோல் டாக்டர்கிட்டதான் அனுப்பியிருப்பேன்."

குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

பாயை அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அவர் மனைவியும் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அலுவலகத்தில் தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்: விளக்கக் குறிப்பு, பிழை ஒப்புதல், இனி நேராது என்ற உறுதி. இங்கே அதற்குப் படிவம் இல்லை.

"ஒரு வருஷம் நான் கெடுத்துட்டேன்மா" என்றேன்.

இல்லை அக்கா, அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"உங்க பேப்பர்ல நான் சொன்னதுக்கும் ஒரு வரி எடம் குடுத்திருக்கலாம் அக்கா" என்றாள். பிறகு, "ஆனா நீங்க இழுத்துக்கினு போவலன்னா அவரு வாசப்படியே தாண்டியிருக்க மாட்டாரு. அதுவும் இருக்குது" என்றாள். அவள் இரண்டையும் சொன்னாள். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை.

பரிசோதனை டாக்டர் சொன்னதையே சொன்னது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் பாய் எழுந்து நடந்தார். பசிக்கிறது என்றார். அனுப்பும்போது டாக்டர் ஓர் அட்டையைக் கொடுத்து, எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்றார். காலையில் எழுந்ததும், மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி எடுத்தால் உடனே ஊசி. ஒரு வேளையும் தவறக் கூடாது. நிறுத்தினால் மறுபடி விழுவார், இந்தத் தடவை எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. இந்த வருடம் நோன்பு கூடாது. அடுத்த வருடத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம்.

வாழ்க்கையில் நான் பார்த்த விதிமுறைகளிலேயே ஓட்டை இல்லாதது இது ஒன்றுதான். நிம்மதியாக ஊர் திரும்பினேன். கம்பெனிக்கு என் இரண்டு மனுக்களையும் திரும்பப் பெறுவதாக எழுதினேன். நான் எழுதியதிலேயே மிகச் சிறிய கடிதம் அது.

வீடு வந்த நான்காவது நாள் அவர் மனைவி மேலே வந்தாள். கையில் மாத்திரைப் பெட்டி.

"பாருங்க அக்கா. நேத்து மத்தியான மாத்திரை அப்படியே இருக்குது. முந்தாநேத்தும்."

"என்னவாம்?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து சொல்லிட்டாரு, நோயாளிக்கு நோன்பு கடமை இல்ல, ஈடா ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும்னு. தலையை ஆட்டினாரு. விடியறதுக்கு முன்னாடி சஹர் சோத்தோட ஒண்ணு முழுங்கறாரு, சாயங்காலம் நோன்பு தொறக்கும்போது ஒண்ணு. மத்தியானம் நாங்க மூணு பேரும் நோன்பா சுத்தி சுத்தி வர்றப்ப தண்ணி டம்ளரைத் தூக்க முடியலையாம். புள்ளைங்க மூஞ்சியைப் பாக்க முடியலையாம். அழுவுறாரு அக்கா."

என் கை தன்னிச்சையாகப் பேனாவைத் தேடியது. அறிவுரைகளாக, வரிசை எண் போட்டு எழுதிக் கொடுக்க.

அவள் பார்த்துவிட்டாள். "எழுதாதீங்க. சோறு போடுங்க. மத்தியானம் இங்க அனுப்புறேன். உங்க வீட்ல யாரும் நோன்பு இல்ல."

மறுநாள் ஒரு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, அதை வாசலில் விடாமல் உள்ளே எடுத்து வைத்தார். மனைவியும் கூட வந்து சமையலறை நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் அவர்.

"காவலுக்கு. முழுங்கினேன்னு சொல்லிட்டு வாய்ல ஒதுக்கி வச்சிக்கினு வந்தா?"

"மேடம், கதவைச் சாத்துங்க. சாம்பார் வாசனை தெருவுக்குப் போவுது."

"போனா போகட்டும் பாய். நான் சாப்பிடுறேன்னு நினைச்சிப்பாங்க."

"ரெண்டு தட்டு சத்தம் கேக்குமே."

கதவைச் சாத்தினேன். இலை போட்டேன். இலைக்குச் சத்தம் கிடையாது. சோறு, சாம்பார், கத்தரிக்காய், அப்பளம். எனக்கும் ஓர் இலை. அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடுகள் இன்னும் கருப்பாகத்தான் இருந்தன. வெளுக்க மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"முடியட்டும் மேடம்" என்றார்.

 சாம்பார் ஆறியது. பாங்கு அடங்கிய பிறகும் அவர் அசையவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு மனிதர் ஐம்பது வருட வழக்கத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்கும்போது மேற்பார்வை செய்ய எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் மனைவிதான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, டம்ளரை அவர் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள்.

விழுங்கினார். தண்ணீர் முழுவதையும் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாளைக்கு இன்னா மேடம் சமையல்?" என்று கேட்டார்.

கீரை என்றேன். முகத்தைச் சுளித்தார். அந்த மாதம் முழுவதும் கீரைதான் வைப்பேன் என்று மிரட்டினேன்.